கான்ஃபிக்ல இருக்கிறது வேற, ஓடுறது வேற: லினக்ஸ் சர்வரை பூட்டவும் பழுது பாக்கவும்

புதுசா ஒரு விபிஎஸ் (வாடகைக்கு கிடைக்கிற மெய்நிகர் சர்வர்) வாங்கி உபுண்டுவோ டெபியனோ போட்டாச்சு, இனிமே அதை நீங்கதான் பாத்துக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. செக்லிஸ்ட் நெட்ல ஆயிரம் கிடக்கு, எஸ்எஸ்ஹெச் கீ போடு, ஃபயர்வால் போடு, ஃபெயில்2பேன் போடுன்னு. எல்லாம் சரிதான், ஆனா செஞ்சு முடிச்சதும் டிக் அடிச்சுட்டு போயிடுறோம் பாருங்க, கோட்டை விடுறது அங்கதான். ஃபைல்ல ஒண்ணு எழுதியிருக்கும், உள்ள ஓடுற ப்ராசஸ் வேற ஒண்ணை வெச்சுக்கிட்டு ஓடிட்டு இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்களே, சர்வருக்கு அது அப்படியே பொருந்தும். அதனால இங்க ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பாதி சொல்றேன், எப்படி செய்யிறது, செஞ்சது நிஜமாவே அமலுக்கு வந்துச்சான்னு எப்படி பாக்குறது.

கமாண்ட் எல்லாம் போன்ல ஒருத்தருக்கு சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதுறேன், அடிக்கும்போது ஆங்கில சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, பெரிய எழுத்து வேணும்னா அங்கயே சொல்லிடுறேன்.

வாசக் கதவு: எஸ்எஸ்ஹெச்

எஸ்எஸ்ஹெச்ங்கிறது தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள போற வழி. ரூட்ல (எல்லா உரிமையும் இருக்கிற தலைமை யூசர்) நேரா வேலை செய்யாதீங்க, சூடோ உரிமையோட (தேவைப்படும்போது மட்டும் ரூட் அதிகாரம்) தனியா ஒரு யூசர் உருவாக்கிக்கோங்க. உங்க லேப்டாப்ல எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டி (டைப்ல வர்ற டி) ஈடி25519 அடிச்சு ஒரு கீ எடுங்க, பாஸ்ஃப்ரேஸ் கேக்கும்போது சும்மா என்டர் தட்டிட்டு போகாம நல்லதா ஒண்ணு குடுங்க, நாளைக்கு லேப்டாப் தொலைஞ்சா அதுதான் காப்பாத்தும். எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி வெச்சு அந்த கீயை சர்வருக்கு அனுப்பி, கீயாலயே உள்ள போக முடியுதான்னு பாத்துக்கோங்க.

அப்புறம் பாஸ்வேர்ட் லாகினை அடைக்கணும். /ஈடிசி/எஸ்எஸ்ஹெச் உள்ள எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் ஃபைலை திறந்து பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ-ன்னு மாத்தி ரீலோட் பண்ணுங்கன்னு எல்லா கைடும் சொல்லும், அதோட நிறுத்திடும். நானும் ஒரு மெஷின்ல இதைத்தான் பண்ணினேன். மூணு மாசம் கழிச்சு வேற எதுக்கோ லாக் பாக்குறேன், ஃபெயில்ட் பாஸ்வேர்ட் ஃபார் ரூட்னு வரி வரியா ஓடிட்டு இருக்கு. பாஸ்வேர்டே ஏத்துக்காத சர்வர்ல பாஸ்வேர்ட் தப்புன்னு எப்படி வரும்? கீ மட்டும் வாங்குற சர்வர்னா ப்ரீஆத்லயே (உள்ள விடுறதுக்கு முன்னாடியே) கனெக்‌ஷன் க்ளோஸ்டுன்னுதான் வரணும். அப்பதான் வயித்துல புளியைக் கரைச்சுது, மூணு மாசமா கதவு திறந்தே கிடந்திருக்கு, நான் பூட்டுனதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

காரணம் என்னன்னா, அந்த ஃபைலோட தலையிலயே இன்க்ளூட்னு ஒரு வரி இருக்கும், அது எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டர்ல இருக்கிற குட்டி ஃபைலையெல்லாம் முதல்ல படிச்சுடும். ஒரே செட்டிங் ரெண்டு இடத்துல இருந்தா எஸ்எஸ்ஹெச்டி (சர்வர்ல ஓடுற எஸ்எஸ்ஹெச் ப்ரோக்ராம்) முதல்ல படிச்சதைத்தான் எடுத்துக்கும், பின்னாடி வர்றதை கண்டுக்காது. நிறைய கிளவுட் இமேஜ்ல கிளவுட்-இனிட் (முதல் பூட்ல மெஷினை தயார் பண்ற ப்ரோக்ராம்) வந்து அந்த ஃபோல்டர்ல 50-கிளவுட்-இனிட்.கான்ஃப்னு ஒரு ஃபைல் போட்டு, அதுல பாஸ்வேர்ட் லாகின் யெஸ்னு எழுதி வெச்சிருக்கும். நான் கீழ எழுதுன நோ-வுக்கு மதிப்பே இல்ல. அதனால உங்க செட்டிங்கை அதே ஃபோல்டர்ல 00-ன்னு ஆரம்பிக்கிற பேர்ல தனி ஃபைலா போடுங்க, எழுத்து வரிசைப்படி அதுதான் முதல்ல வரும். பெர்மிட்ரூட்லாகின் நோ, கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் நோ, இந்த ரெண்டும் அதுலயே போயிடட்டும்.

இப்ப ரெண்டாவது பாதி. எஸ்எஸ்ஹெச்டி -டி (டெஸ்ட்ல வர்ற டி, பெரிய எழுத்து) சூடோவோட அடிச்சா எல்லா ஃபைலையும் சேத்து படிச்ச பிறகு கடைசியா எது செல்லுபடி ஆகுதுன்னு முழு லிஸ்டும் வரும், அதுல பாஸ்வேர்ட்னு க்ரெப் பண்ணி பாருங்க. அதோட விடாம வெளியேர்ந்தும் ஒரு தடவை தட்டி பாருங்க, லேப்டாப்லேர்ந்து எஸ்எஸ்ஹெச் -ஓ பப்கீஆதென்டிகேஷன்=நோ போட்டு கனெக்ட் பண்ணினா பெர்மிஷன் டினைடுன்னு வந்து பக்கத்துல பிராக்கெட்ல பப்ளிக்கீ மட்டும் இருக்கணும். அங்க பாஸ்வேர்ட்னு ஒரு வார்த்தை இருந்தா இன்னும் திறந்துதான் இருக்குன்னு அர்த்தம்.

இதெல்லாம் மாத்தும்போது ஒண்ணை மட்டும் உயிரா புடிச்சுக்கோங்க, இப்ப உள்ள இருக்கிற செஷனை மூடவே மூடாதீங்க, இன்னொரு டெர்மினல் திறந்து புதுசா லாகின் ஆகுதான்னு பாத்த பிறகுதான் பழசை விடணும். எஸ்எஸ்ஹெச்டி ரீஸ்டார்ட் ஆனாலும் ஏற்கனவே இருக்கிற செஷன் அறுந்து போகாது, அதுதான் உங்க உயிர்க்கயிறு. ரீலோட் பண்றதுக்கு முன்னாடி எஸ்எஸ்ஹெச்டி -டி (அதே டி, இந்த தடவை சின்ன எழுத்து) அடிச்சா எழுத்துப்பிழை இருந்தா சொல்லிடும்.

போர்ட் 22-ஐ மாத்தலாமான்னு கேப்பீங்க. மாத்தினா லாக்ல குப்பை குறையும், அவ்வளவுதான், அது பாதுகாப்பு ஆகாது. மாத்துறதா இருந்தா உபுண்டு 24.04-ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், அங்க போர்ட்டை புடிச்சுக்கிட்டு இருக்கிறது எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்ங்கிற சிஸ்டம்டி (சர்வீஸ்களை ஓட்டி பாத்துக்கிறது) யூனிட், அதனால கான்ஃபிக்ல போர்ட் மாத்தி எஸ்எஸ்ஹெச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஏன் இன்னும் 22-லயே நிக்குதுன்னு தலையை பிச்சுக்காதீங்க, சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் குடுத்துட்டு எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்டை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

ஃபெயில்2பேன் போட்டா லாகின் முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கிற ஐபியை கொஞ்ச நேரத்துக்கு தடுத்து வெக்கும். டெபியன் 12-ல இதுவும் ஒரு வலை, அதுல ஆர்சிஸ்லாக் (லாக்கை ஃபைல்ல எழுதுற ப்ரோக்ராம்) டீஃபால்ட்டா வராது, அதனால /வார்/லாக் உள்ள ஆத்.லாக் ஃபைலே இருக்காது, ஃபெயில்2பேன் அந்த ஃபைலை தேடிட்டு கிளம்பாமலே செத்து கிடக்கும், நீங்க இன்ஸ்டால் பண்ணியாச்சுன்னு நிம்மதியா இருப்பீங்க. ஜெயில்.லோக்கல் ஃபைல்ல பேக்எண்ட் = சிஸ்டம்டி-ன்னு குடுத்துட்டு ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்ஹெச்டி அடிச்சு உயிரோட இருக்கான்னு பாருங்க.

ஃபயர்வாலும் டாக்கரும்

ஃபயர்வாலுக்கு யூஎஃப்டபிள்யூங்கிற கருவி போதும், ரொம்ப சிக்கலுக்கு போக வேணாம். உள்ள வர்றதை எல்லாம் டினை, எஸ்எஸ்ஹெச் போர்ட், 80, 443 மட்டும் அலவ், அதுக்கப்புறம்தான் எனேபிள். வரிசை மாறினா நீங்களே வெளிய நிப்பீங்க. பயமா இருந்தா எனேபிள் பண்றதுக்கு முன்னாடி சூடோ சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=600 யூஎஃப்டபிள்யூ டிஸேபிள்னு அடிச்சு வெச்சிடுங்க, 600 செகண்ட் கழிச்சு ஃபயர்வால் தானா இறங்கிடும், நீங்க மாட்டிக்கிட்டாலும் பத்து நிமிஷத்துல கதவு திறந்துடும். எல்லாம் சரியா இருந்தா அது காட்டுன டைமரை ஸ்டாப் பண்ணிட்டு போங்க.

டாக்கர் (அப்ளிகேஷனை கன்டெய்னர்ங்கிற தனி பெட்டிக்குள்ள ஓட்டுற கருவி) ஓடுற மெஷின்னா இந்த பாராவை ரெண்டு தடவை படிங்க. கன்டெய்னருக்கு -பி (போர்ட்ல வர்ற பி) 6379:6379-னு போர்ட் குடுத்தா டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ்ல (கெர்னலோட ஃபயர்வால் ரூல்கள்) நாட் ரூல், அதாவது பாக்கெட்டோட விலாசத்தை மாத்துற ரூல் எழுதி அந்த பாக்கெட்டை நேரா கன்டெய்னருக்கு திருப்பி விட்டுடும், யூஎஃப்டபிள்யூ காவல் நிக்கிறது இன்புட் பாதையில, இந்த பாக்கெட் அந்த பாதையிலயே வர்றதில்ல. யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் பாத்தா எல்லாம் டினைன்னு அழகா இருக்கும், ஆனா உங்க ரெடிஸ் (6379 போர்ட்ல நிக்கிற டேட்டாபேஸ்) ஊர் உலகத்துக்கே திறந்திருக்கும். மருந்து சுலபம், -பி 127.0.0.1:6379:6379-னு முன்னாடி லோக்கல் ஐபியை சேத்து குடுங்க, ஒரே கம்போஸ் ஃபைல்ல இருக்கிற கன்டெய்னர்கள் தங்களுக்குள்ள பேசிக்கிறதுக்கு போர்ட்டை வெளிய விடவே தேவையில்ல.

எது எது திறந்திருக்குன்னு பாக்க சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி (டிசிபியோட டி, போர்ட்டோட பி) அடிங்க. 127.0.0.1-னு ஆரம்பிக்கிற வரி வீட்டுக்குள்ள, 0.0.0.0-ன்னோ ஸ்டார் குறியோ இருந்தா தெருவை பாத்து நிக்குது. அதோட விடாம வேற ஒரு நெட்ல இருக்கிற மெஷின்லேர்ந்து, போன் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்லேர்ந்து கூட, என்சி -ஜெட்வி போட்டு உங்க ஐபி, போர்ட் நம்பர் குடுத்து தட்டி பாருங்க. உள்ள உக்காந்துக்கிட்டு வீடு பூட்டியிருக்கான்னு பாக்குறதுக்கும் வெளிய வந்து கதவை தள்ளி பாக்குறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

அப்டேட்

உபுண்டு சர்வர்ல அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வழக்கமா ஏற்கனவே ஓடிட்டு இருக்கும், டெபியன்ல இல்லன்னா போட்டுக்கோங்க. ஆனா பேக்கேஜ் டிஸ்க்ல மாறினாலும் ஏற்கனவே ஓடுற ப்ராசஸ் மெமரியில பழைய லைப்ரரியை வெச்சுக்கிட்டுதான் ஓடும், கெர்னலும் ரீபூட் வரைக்கும் பழசுதான். /வார்/ரன் உள்ள ரீபூட்-ரிக்கொயர்டுன்னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாருங்க, நீட்ரீஸ்டார்ட் அடிச்சா எந்தெந்த சர்வீஸ் பழசுல தொங்குதுன்னு சொல்லும். 200 நாள் அப்டைம்னு பெருமையா ஸ்க்ரீன்ஷாட் போடுறவங்களை பாத்தா எனக்கு கவலையாதான் இருக்கும், லைவ் பேட்ச் (ரீபூட் இல்லாமலே கெர்னலை திருத்துறது) எதுவும் போடலைன்னா அது 200 நாள் பழைய கெர்னல். மாசம் ஒரு நாள் ரீபூட்டுக்குன்னே ஒதுக்குங்க, ரீபூட் ஆனதும் எல்லாம் தானா எழுந்து வருதான்னு அப்பவே தெரிஞ்சு போயிடும்.

அப்டேட் பண்றதுன்னா புத்தம் புது வெர்ஷனுக்கு ஓடுறது இல்ல, அதுக்குத்தான் 2024 மார்ச் கடைசியில நடந்த எக்ஸ்ஜெட் (ஃபைலை சுருக்குற லைப்ரரி) விவகாரத்தை எல்லாருக்கும் சொல்றேன். ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், மைக்ரோசாஃப்ட்ல வேலை பாக்குறவர், எஸ்எஸ்ஹெச் லாகின் ஆக அரை செகண்ட் கூடுதலா ஆகுதே, சிபியூவும் தேவையில்லாம ஏறுதேன்னு விடாம நோண்டி பாத்தார், கடைசியில எக்ஸ்ஜெட் 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல பின்வாசல் ஒண்ணு வெச்சிருந்தது வெளிய வந்துச்சு. அந்த பின்வாசலை இயக்குற முக்கியமான துண்டு கிட் ரெப்போல கிடையாது, ரிலீஸுக்குன்னு போட்ட டார்பால்ல (கட்டி வெச்ச கோட் மூட்டை) மட்டும்தான் இருந்துச்சு. அங்கயும் எல்லாரும் படிச்ச கோட் வேற, பில்ட் ஆனது வேற. டெபியன் ஸ்டேபிள் வரைக்கும் அது வரவே இல்ல, டெஸ்டிங்லயும் அன்ஸ்டேபிள்லயும் மாட்டிக்கிச்சு. ப்ரொடக்‌ஷன் சர்வர்ல புதுசு புதுசா வெர்ஷன் ஏத்தாதீங்க, ஸ்டேபிளோ எல்டிஎஸ்ஸோ (நீண்ட காலம் ஆதரவு இருக்கிற வெர்ஷன்) போதும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

திடீர்னு படுத்துடுச்சுன்னா

முதல் வேலை, கையை கட்டிக்கிட்டு பாருங்க. எடுத்த உடனே ரீபூட் பண்ணினா சாட்சி எல்லாம் அழிஞ்சு போயிடும், அதே பிரச்சனை ராத்திரி ரெண்டு மணிக்கு திரும்ப வரும். அப்டைம், ஃப்ரீ -ஹெச், டிஎஃப் -ஹெச், டிஎஃப் -ஐ, சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட், ஜர்னல்சிடிஎல் -பி எர் -பி (முதல் பி பிரையாரிட்டில வர்றது, ரெண்டாவது பி பூட்ல வர்றது), இந்த ஆறும் ரெண்டு நிமிஷ வேலை. /வார்/லாக்/ஏபிடி உள்ள ஹிஸ்டரி.லாக் ஃபைலையும் ஒரு பார்வை பாருங்க, நேத்து ராத்திரி தானா ஏதாவது அப்டேட் ஆகி அதனால விழுந்திருந்தா அங்கயே தெரிஞ்சுடும்.

அதிகமா வர்றது டிஸ்க் நிறைஞ்சு போறதுதான். ஒரு தடவை டிஎஃப் பாத்தா 40 ஜிபி டிஸ்க் 100 சதவீதம் ஃபுல், டியூ போட்டு கூட்டி பாத்தா 18 ஜிபிக்கு மேல கணக்கே வரல. மீதி எங்க? அவசரத்துல யாரோ பெரிய லாக் ஃபைல் ஒண்ணை ஆர்எம் போட்டு அழிச்சிருக்காங்க, ஆனா அந்த அப்ளிகேஷன் ஃபைலை இன்னும் திறந்து வெச்சு எழுதிக்கிட்டே இருக்கு, பேரு போயிடுச்சு, இடம் போகல. சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 (எல் பெரிய எழுத்து) அடிச்சா இப்படி அழிச்ச பிறகும் ஆவியா சுத்துற ஃபைல் எல்லாம் வரும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினா இடம் திரும்ப வந்துடும். இனிமே லாக்கை காலி பண்ணணும்னா ஆர்எம் வேணாம், ட்ரன்கேட் -எஸ் 0 போடுங்க, லாக்ரொட்டேட் சரியா ஓடுதான்னும் பாத்துக்கோங்க. ஜர்னல் பெருத்திருந்தா ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ் குடுத்து குறைக்கலாம்.

இன்னொண்ணு, இடம் பாதி காலியா இருக்கு, ஆனா நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்னு எர்ரர். அப்ப டிஎஃப் -ஐ பாருங்க, ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு செலவாகிற பதிவு) தீர்ந்து போயிருக்கும். இஎக்ஸ்டி4-ல ஐநோட் எத்தனைங்கிறது ஃபார்மேட் பண்ணும்போதே முடிவாயிடும், பழைய பிஹெச்பி செஷன் ஃபைல், கேஷ் ஃபைல்னு லட்சக்கணக்குல குட்டி குட்டியா சேந்து போனா இப்படித்தான் ஆகும்.

மெமரியை பொறுத்தவரை ஃப்ரீ -ஹெச்-ல ஃப்ரீங்கிற தலைப்புக்கு கீழ இருக்கிற நம்பரை பாத்து பதறாதீங்க, லினக்ஸ் சும்மா கிடக்கிற ராமை கேஷுக்கு எடுத்துக்கும், கேட்டா திருப்பி குடுத்துடும், பாக்க வேண்டியது அவைலபிள். ஒரு ப்ராசஸ் சொல்லாம கொள்ளாம செத்திருந்தா டிமெஸ்க் -டி (டைம்ல வர்ற டி, பெரிய எழுத்து) போட்டு அவுட் ஆஃப் மெமரின்னு தேடுங்க. டாக்கர்ல எக்ஸிட் கோட் 137 வந்தா 128 கூட்டல் 9, அதாவது சிக்னல் 9 வாங்கி செத்திருக்கு, பெரும்பாலும் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தா கெர்னல் ப்ராசஸை கொல்றது) வேலையா இருக்கும்.

லோட் ஆவரேஜ் 20-ன்னு காட்டுது, சிபியூ சும்மா இருக்குன்னா டிஸ்க் மேல சந்தேகப்படுங்க. லினக்ஸ்ல டிஸ்க்குக்காக காத்து கிடக்கிற ப்ராசஸும் லோட் கணக்குல சேரும். விஎம்ஸ்டாட் 1 ஓட விட்டு டபிள்யூஏ-ன்னு தலைப்பு இருக்கிற நம்பர் (டிஸ்க்குக்காக காத்திருக்கிறது) ஏறியிருக்கா பாருங்க, எஸ்டி-ங்கிற நம்பர் ஏறியிருந்தா உங்க மேல தப்பே இல்ல, அதே ஹார்ட்வேர்ல இருக்கிற பக்கத்து விஎம்கள் சிபியூவை தின்னுட்டு இருக்கு.

சர்வீஸ் எழுந்திரிக்க மாட்டேங்குதுன்னா ஜர்னல்சிடிஎல் -யூ போட்டு சர்வீஸ் பேரை குடுத்து கடைசி வரியை விட்டுட்டு முதல் எர்ரரை தேடி படிங்க, அதுலதான் விஷயம் இருக்கும். சிஸ்டம்சிடிஎல் கேட் அடிச்சா எந்த யூனிட் ஃபைல், அது மேல எந்த ஓவர்ரைடுன்னு எல்லாம் சேத்து காட்டும். பெர்மிஷன் டினைடுன்னு வந்தா 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) மட்டும் போடாதீங்க, தயவு செஞ்சு. நேம்ஐ -எல் போட்டு முழு பாதையையும் குடுத்தா ரூட் ஃபோல்டர்லேர்ந்து ஃபைல் வரைக்கும் ஒவ்வொரு ஃபோல்டரோட உரிமையும் வரிசையா வரும், எந்த படியில வழி அடைச்சிருக்குன்னு கண்ணுக்கு தெரியும்.

பேர் ரிசால்வ் ஆகலைன்னா டிக் மட்டும் போட்டு பாத்து டிஎன்எஸ் சரியா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, டிக் நேரா டிஎன்எஸ் சர்வரை கேக்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலை பாக்காது. கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் போட்டு பாருங்க, அப்ளிகேஷன் கேக்குற வழியிலயே அது கேக்கும். சர்டிஃபிகேட்டும் இதே கதைதான், லெட்ஸ் என்கிரிப்ட்டோட சாதாரண சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 90 நாள், சர்ட்பாட் (அதை தானா புதுப்பிக்கிற ப்ரோக்ராம்) புதுசு எடுத்து ஃபோல்டர்ல வெச்சுடும், ஆனா வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகலைன்னா பழசைத்தான் நீட்டும். டெப்ளாய் ஹுக்ல ரீலோடை சேத்துடுங்க, தேதியை ஃபைல்ல பாக்காம ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் வெச்சு 443-ல கேட்டு பாருங்க. முன்னாடியெல்லாம் முடியப்போகுதுன்னு அவங்களே மெயில் அனுப்புவாங்க, 2025 ஜூன்லேர்ந்து அது நின்னு போச்சு, இனிமே நீங்கதான் பாத்துக்கணும்.

உள்ள யாரோ புகுந்துட்டாங்கன்னா

டாப்ல கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ-ன்னு ஒரு ப்ராசஸ் சிபியூவை முழுசா தின்னுட்டு இருந்தா அது கின்சிங்னு சொல்ற மால்வேர் இறக்கி விடுற கிரிப்டோ மைனர். கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்னு நிஜமாவே ஒரு கெர்னல் த்ரெட் இருக்கு, கடைசியில ஒரு எழுத்தை மட்டும் ஒட்டி வெச்சு ஏமாத்துறாங்க. பிஎஸ்-ல கெர்னல் த்ரெட் பேர் சதுர பிராக்கெட்குள்ள வரும், இது அப்படி வராது. எல்எஸ் -எல் போட்டு /ப்ராக் உள்ள அந்த ப்ராசஸ் நம்பர், அதுக்குள்ள எக்ஸ்இ-ன்னு பாத்தா பெரும்பாலும் /டிஎம்பி ஃபோல்டரை காட்டி பக்கத்துல டிலீட்டட்னு இருக்கும், ஓட ஆரம்பிச்சதும் ஃபைலை அழிச்சுட்டு மெமரியில உக்காந்திருக்கும். கில் பண்ணினா ஒரு நிமிஷத்துல திரும்ப வரும், ஏன்னா க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையை தானா ஓட்டுறது) ஆள் வெச்சிருப்பாங்க.

இதை சுத்தம் பண்ணி அதே மெஷினை ஓட்டலாம்னு நினைக்காதீங்க. ரூட் வரைக்கும் போயிருந்தா அந்த மெஷின்ல பிஎஸ் சொல்றதையும் எல்எஸ் சொல்றதையும் கூட நம்ப முடியாது. ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுட்டு, நெட்டை துண்டிச்சுட்டு, புது மெஷின் போட்டு, புகுந்த ஓட்டை எதுன்னு கண்டுபிடிச்சு அதை அடைச்சு, அதுல இருந்த பாஸ்வேர்ட், ஏபிஐ கீ எல்லாத்தையும் மாத்துங்க. டேட்டாவை பேக்கப்லேர்ந்து எடுங்க.

பேக்கப்

தெரிஞ்சவர் ஒருத்தர் கடைக்கு நான் பாத்துக்கிட்டு இருந்த சர்வர், தினம் ராத்திரி டேட்டாபேஸ் டம்ப் எடுத்து ஜிஜிப் பண்ணி வேற இடத்துக்கு போயிடும். எல்எஸ் போட்டா ஒவ்வொரு நாளுக்கும் தேதியோட ஒரு ஃபைல், ஒரு நாள் விடாம. தேவைப்பட்ட அன்னிக்கு திறந்தா, கடைசி ஆறு வாரத்து ஃபைல் ஒவ்வொண்ணும் சரியா 20 பைட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்துனப்போ டம்ப் ஃபெயில் ஆயிருக்கு, பைப்ல கடைசியா இருக்கிற ஜிஜிப் மட்டும் நல்லா முடிஞ்சதால க்ரானுக்கு அது வெற்றியாதான் தெரிஞ்சிருக்கு, ஒண்ணுமே இல்லாததை ஜிஜிப் பண்ணினா வர்ற அளவுதான் அந்த 20 பைட். ஆறு வாரத்து ஆர்டரை பில் புக்கை பாத்து அவர் வீட்ல ரெண்டு பேர் உக்காந்து திரும்ப டைப் அடிச்சாங்க, அதை பக்கத்துல இருந்து பாத்தேன், இன்னிக்கும் மனசுல நிக்குது.

அதனால ஸ்க்ரிப்ட்டை பேஷ்ல ஓட விட்டு தலையிலயே செட் -ஓ பைப்ஃபெயில் போடுங்க, ஃபைல் அளவு குறிப்பிட்ட எல்லைக்கு கீழ போனா உங்களுக்கு மெசேஜ் வர்ற மாதிரி வைங்க, ஒரு காப்பியாவது அந்த சர்வரோட கீயால அழிக்க முடியாத இடத்துல இருக்கட்டும். மாசம் ஒரு தடவை ரீபூட்டுக்கு ஒதுக்குன அதே நாள்ல, ஒரு சின்ன டெஸ்ட் மெஷின் எடுத்து நேத்து ராத்திரி பேக்கப்பை அதுல ரீஸ்டோர் பண்ணி, ஆர்டர் டேபிள்ல கடைசி வரியோட தேதி நேத்து தேதியான்னு கண்ணால பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒரு நோட்ல எழுதி வெச்சுட்டு, டெஸ்ட் மெஷினை அழிச்சிடுங்க.